ஜான் கோல்ட்ரேன்: பன்னிரண்டு ஆண்டு இசையை எந்த வரிசையில் கேட்பது?

கேள்வி இது: ஜாஸ் பக்கம் போனாலே எல்லோரும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பெயரைப் பக்தியோடு சொல்கிறார்கள். 'எ லவ் சுப்ரீம்' கேட்டால் கொஞ்சம் பிடிபடுகிறது, 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' தலையைச் சுற்ற வைக்கிறது, 1965க்குப் பிந்தையது வெறும் இரைச்சலாகப் படுகிறது. இந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார்? எங்கே தொடங்குவது?

முதலில் நேரடியான பதில். 1957 செப்டம்பரில் பதிவான 'ப்ளூ டிரெயின்' இசைத்தட்டில் தொடங்குங்கள். அங்கிருந்து, வெளியான ஆண்டைப் பார்க்காமல் பதிவான தேதியைப் பார்த்து முன்னால் நகருங்கள். கோல்ட்ரேன் பெயர் பெற்று வாசித்த காலம் மொத்தமே பன்னிரண்டு ஆண்டுகள்தான்: 1955இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்ததிலிருந்து 1967இல் இறந்தது வரை. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் ஒரே கேள்வியை அவர் விடாமல் துரத்தியிருக்கிறார்: ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்துக்கு) மேலே நின்று எத்தனை திசைகளில் போகலாம்? கடைசிக் கால இசை திடீரென்று வந்த ஆவேசம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1958இல் அவர் பழகிய பயிற்சி 1967இலும் அப்படியே கேட்கிறது. கீழே இருந்த தாங்குகட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

வாழ்க்கையின் முதல் பாதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1926 செப்டம்பர் 23 அன்று வட கரோலினாவின் ஹாம்லெட் ஊரில் பிறந்தார், ஹை பாயின்ட் ஊரில் வளர்ந்தார். அப்பா தையற்காரர், ஓய்வு நேரத்தில் வாத்தியம் வாசிப்பவர். இரண்டு பக்கத் தாத்தாக்களும் மெதடிஸ்ட் போதகர்கள். கறுப்பினத் தேவாலயப் பிரசங்கத்தில் குரல் மெல்ல ஏறி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி உச்சிக்குப் போகும். கோல்ட்ரேன் நீளமாக வாசிக்கும்போது அந்த ஏற்றம் தெளிவாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் சில மாத இடைவெளியில் அப்பா, தாத்தா, பாட்டி என்று வரிசையாகப் பறிகொடுத்தார். பள்ளி பேண்டில் வாத்தியம் பழகத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1943இல் ஃபிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1945இல் கடற்படையில் சேர்ந்து ஹவாயில் கடற்படை பேண்டில் வாசித்தார். திரும்பி வந்து கிரானாஃப் இசைப் பள்ளியில் டென்னிஸ் சாண்டோலிடம் ஹார்மனி, அதாவது கார்டுகளை அமைக்கும் கலை, படித்தார். ஆல்டோ சாக்ஸபோன்காரராக இருந்தவர் எடி வின்சன் குழுவுக்காக டெனருக்கு, அதாவது ஆல்டோவைவிடப் பெரிய, அடி ஸ்தாயி சாக்ஸபோனுக்கு, மாறினார். பிறகு டிஸ்ஸி கில்லெஸ்பி, ஏர்ல் பாஸ்டிக், ஜானி ஹாட்ஜஸ் குழுக்கள். 29 வயது வரை பத்தோடு பதினொன்றாக இருந்தவர். ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் அந்த வயதுக்குள் ஜாஸையே புரட்டிப் போட்டிருந்தார். கோல்ட்ரேன் தாமதமாக விளைந்தவர், அதுவும் சாதகத்தால் விளைந்தவர்.

சாதகம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. இரவில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாகும் என்று ஊதாமல் விரல்களை மட்டும் சாவிகளில் ஓட்டுவார். வாத்தியம் கையில் இருக்கத் தூங்கிப்போவார். நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி 1947இல் வெளியிட்ட ஸ்கேல் (சுர வரிசை) தொகுப்பு ஒன்று அவர் கையில் நெடுநாள் இருந்தது. ஒரு ஸ்தாயியைச் சம பாகங்களாகப் பிரித்து அதிலிருந்து சொற்கட்டுகள் கட்டும் புத்தகம் அது. இந்தச் 'சம பாகம்' என்ற சங்கதியை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

1957 அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை. ஹெராயின், குடி இரண்டும் பிடித்திருந்ததால் அந்த வசந்தத்தில் மைல்ஸ் அவரைக் குழுவிலிருந்து வெளியேற்றினார். ஃபிலடெல்பியாவில் அம்மாவின் வீட்டுக்குப் போய், மருந்து உதவியில்லாமல் பழக்கத்தை அறுத்தார். அந்த ஆண்டு தனக்கு ஓர் ஆன்மிக விழிப்பு வந்ததாக ஏழு ஆண்டுகள் கழித்து 'எ லவ் சுப்ரீம்' உறையில் அவரே எழுதினார். அதே கோடையில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கோடு சேர்ந்தார்; ஆண்டு முடியும் வரை அங்கே வாசித்தார். மங்க் பியானோவை விட்டு எழுந்து நடமாட, கோல்ட்ரேன் டபுள் பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு நெடுநேரம் வாசிக்க வேண்டியிருந்தது. கார்டு கொடுக்க ஆள் இல்லாதபோது கார்டையும் சாக்ஸபோனிலேயே சொல்லியாக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்கள் ஒலிக்க வைக்க முதலில் வழி காட்டியவர்களில் மங்க் ஒருவர் என்று கோல்ட்ரேன் 1960இல் 'டவுன்பீட்' என்ற ஜாஸ் இதழில் எழுதியிருக்கிறார். விரல் வைப்பை மாற்றி, உதட்டின் பிடியை அதற்கேற்பத் திருத்தினால் அது வரும். இந்தக் கூட்டணியின் நல்ல பதிவு ஒன்று 1957 நவம்பர் 29 கார்னகி ஹால் கச்சேரி. அந்த நாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடந்து 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

'ப்ளூ டிரெயின்' அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று பதிவானது. தலைப்புப் பாடல் 12 பார் ப்ளூஸ், அதாவது நான்கு தட்டு வீதம் பன்னிரண்டு ஆவர்த்தம் கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணிக்கொண்டே கேளுங்கள், சுற்று எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டால் ஜாஸின் பாதிப் பயம் போய்விடும். டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கனுக்கு அப்போது 19 வயது. கோல்ட்ரேனின் சோலோ முதலில் வருகிறது, அவசரமே இல்லாமல் தொடங்கி, நான்கைந்து சுற்றுக்குள் அடர்த்தியாகிறது.

அந்த அடர்த்திக்கு ஐரா கிட்லர் என்ற விமர்சகர் 1958இல் 'ஷீட்ஸ் ஆஃப் சவுண்ட்' (ஒலித் தகடுகள்) என்று பெயர் வைத்தார். நடந்தது என்னவென்றால், ஒரு கார்டு வரும் இடத்தில் கோல்ட்ரேன் அதன் மேல் மூன்று கார்டுகளை அடுக்கி, அவற்றின் எல்லாச் சுரங்களையும் அந்த நேரத்துக்குள் அடக்கப் பார்த்தார். நேரம் போதாது. அதனால் நாலு, எட்டு என்று பிரியாமல் ஐந்தைந்தாக, ஏழேழாகச் சுரங்களைத் திணிக்க வேண்டியதாயிற்று. இதையும் அவரே எழுதியிருக்கிறார். கண்ட நடையும் மிஸ்ர நடையும் பழகிய காதுக்கு இது உடனே புரியும். வித்தியாசம் ஒன்றுதான்: கணக்கை முன்பே போட்டு வைத்து அவர் வாசிக்கவில்லை, சுரங்களின் நெரிசலே கணக்கை உண்டாக்குகிறது.

இனி 1959இன் வசந்தம். ஏப்ரல் 22 அன்று மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டின் இரண்டாவது பதிவு நாள். அந்தத் தட்டின் முதல் பாடலில் 32 பார்களுக்கு இரண்டே ஸ்கேல்கள். இரண்டுமே நம் கரஹரப்ரியா, ஷட்ஜம் மட்டும் அரைச் சுரம் ஏறி இறங்குகிறது. பன்னிரண்டு நாள் கழித்து, மே 4 அன்று, கோல்ட்ரேன் தன் சொந்தத் தட்டுக்கு ஸ்டூடியோ போகிறார். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பாடலில் 16 பார்களுக்குள் 26 கார்டுகள். வேகம் நிமிடத்துக்கு 280 தட்டுக்கு மேல். பல கார்டுகள் இரண்டே தட்டு நிற்பவை. அரை நொடி ஆகும் முன் அடுத்தது வந்துவிடும். ஒரே மாதத்தில் ஒரே மனிதர் இரண்டு கோடிகளிலும் நின்றிருக்கிறார்.

அந்தப் பாட்டின் கட்டமைப்பைக் கையில் ஒரு சின்னக் கீபோர்டு இருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். ஒரு ஸ்தாயியில் 12 கட்டை. அதை மூன்றால் வகுத்தால் நான்கு. 'சி'யை ஷட்ஜமாக வைத்து ச ரி க ப என்று சங்கராபரண சுரங்களில் பாடுங்கள். கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து நான்கு கட்டை கீழே இறங்கி, அங்கே ஷட்ஜத்தை வைத்து மறுபடி ச ரி க ப. இன்னும் நான்கு கட்டை இறங்கி மறுபடி. அடுத்த நான்கு கட்டையில் தொடங்கிய ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயிக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' இதுதான்: பி, ஜி, இ ஃபிளாட் என்ற மூன்று ஷட்ஜங்கள், ஒவ்வொன்றுக்கும் நுழையும் முன் அதன் பஞ்சமத்தில் எழும் கார்டு ஒன்று வாசற்படியாக. ச ரி க ப என்ற நான்கு சுரங்களும் சும்மா எடுத்துக்காட்டுக்குச் சொன்னதில்லை. தட்டுக்கு இரண்டு சுரம் வீதம் வாசித்தால் இரண்டு தட்டுக்கு நான்கு சுரம், கார்டு நிற்கும் நேரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கோல்ட்ரேனின் சோலோவில் இந்த நான்கு சுரக் கட்டு அடிக்கடி வருவதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான்.

நம் காது இங்கே வழுக்கும். கிரகபேதம் தெரிந்தவர்கள் இதையும் கிரகபேதம் என்று எடுத்துக்கொள்வார்கள். கிரகபேதத்தில் சுரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஷட்ஜம் மட்டும் நகர்கிறது. இங்கே ஷட்ஜம் நகரும்போது முழு சங்கராபரணமும் அதோடு பெயர்ந்து போகிறது. பி சங்கராபரணத்துக்கும் ஜி சங்கராபரணத்துக்கும் ஏழு சுரங்களில் மூன்றுதான் பொது. தம்புரா ஒலிக்கப் பழகிய காது பழைய ஷட்ஜத்தை விடாது. அது விடாததால் இரண்டாவது கார்டே அபஸ்வரமாகப் படும். மேலே சொன்ன பயிற்சியை மெதுவாக, ஒவ்வொரு ஷட்ஜத்திலும் சற்று நின்று, பழையதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போய்ச் செய்தால் காது இளகும். வேகமாகச் செய்தால் பயனே இல்லை.

வாத்தியக்காரர்களுக்கும் அதே வழுக்கல்தான். அந்தப் பதிவில் பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் கைதேர்ந்தவர். கோல்ட்ரேனுக்குப் பிறகு அவர் சோலோ வரும்போது கேளுங்கள்: வரிகள் உடைகின்றன, இடைவெளிகள் விழுகின்றன, கடைசியில் வெறும் கார்டுகளாக நிற்கிறது. அவர் திறமைக்குறைவு இதில் ஒன்றுமில்லை. கோல்ட்ரேன் மாதக்கணக்கில் வீட்டில் உடைத்துப் பார்த்த புதிரை மற்றவர் ஸ்டூடியோவில் அந்த வேகத்தில் அவிழ்க்க வேண்டியிருந்தது. ஃபிளானகன் 1982இல் கோல்ட்ரேன் நினைவாக ஒரு தட்டு போட்டு, அதே பாடலைச் சரளமாக வாசித்துக் காட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

அதே தட்டில் இருக்கும் 'நைமா'வைப் பலர் அழகான மெதுப் பாட்டு என்று தாண்டிவிடுகிறார்கள். தம்புரா தெரிந்தவர்களுக்கு அதில்தான் கதவு இருக்கிறது. டபுள் பேஸ் இ ஃபிளாட் என்ற ஒரே சுரத்தில் நிற்க, மேலே கார்டுகள் நிறம் மாறிக்கொண்டே போகின்றன. நடுப்பகுதியில் அந்தச் சுரம் அதன் பஞ்சமமான பி ஃபிளாட்டுக்குப் போய், மறுபடி வீடு திரும்புகிறது. கோல்ட்ரேன் இதில் கற்பனையே செய்வதில்லை, மெட்டை மட்டும் வாசிக்கிறார், சோலோ பியானோவுக்கு. முதல் மனைவி நைமாவின் பெயர் கொண்ட பாட்டு. 1959 டிசம்பரில் பதிவானது. ஒரே சுரத்தைக் கீழே நிறுத்திவிட்டு மேலே அலையும் இந்த யோசனை அதன் பிறகு அவரை விடவே இல்லை.

1960 அக்டோபரில் பதிவான 'மை ஃபேவரிட் திங்ஸ்' அவரை வெகுஜனத்திடம் கொண்டுபோனது. முந்தின ஆண்டு பிராட்வே மேடைக்கு வந்த நாடகத்தின் பாட்டு, மூன்று தட்டுச் சுழற்சி. அதை 13 நிமிடம் 41 நொடிக்கு நீட்டினார். நீட்டிய விதம் எளிது: மெட்டின் வரிகளுக்கு நடுவே பியானோ இரண்டே கார்டுகளை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே தங்கலாம். முதலில் 'இ'யில் மைனராக, பிறகு அதே 'இ'யில் மேஜராக. சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகும் அந்தத் திருப்பத்தில் அறையில் விளக்குப் போட்டது போலிருக்கும்.

அதில் அவர் வாசிப்பது சொப்ரானோ சாக்ஸபோன். நேர்க்குழல், கூர்மையான மூக்கொலி. நாகஸ்வரக் காதுக்கு அது அந்நியமாகவே படாது, ஆனாலும் நாகஸ்வரத்தில் இரட்டைச் சீவாளி, இதில் ஒற்றை ரீட். சொப்ரானோவில் சுருதி சேர்ப்பது டெனரைவிடக் கடினம்: குழல் குட்டை, மவுத்பீஸ் சிறிது, உதடு சற்று இறுகினாலே சுருதி ஏறிவிடும். அதனாலேயே பெரும்பாலான ஜாஸ்காரர்கள் அதைத் தொடாமல் வைத்திருந்தார்கள். கோல்ட்ரேன் எடுத்ததும் அடுத்த பத்தாண்டில் எல்லோரும் எடுத்தார்கள்.

அதற்குள் அவருக்கென்று ஒரு குழு அமைந்துவிட்டது: பியானோவில் மெக்காய் டைனர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ், 1961 இறுதியிலிருந்து டபுள் பேஸில் ஜிம்மி காரிசன். இந்த நால்வர் எப்படி இயங்கினார்கள் என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டைனர் கார்டுகளை வழக்கம்போல ச க ப என்று அடுக்காமல் ச ம நி என்று மத்தியம இடைவெளிகளில் அடுக்குவார். காந்தாரம் அதில் இல்லை. காந்தாரம் இல்லையென்றால் கார்டு மேஜரா மைனரா என்பது தீர்மானமாகாது. மேலே வாசிப்பவர் எந்தக் காந்தாரத்தையும் தொடலாம், எதுவும் இடிக்காது. இடது கையால் அடி ஸ்தாயியில் ஷட்ஜ பஞ்சமத்தை அழுத்தமாக விழ வைப்பார்; அது தரையைக் காட்டிக்கொடுக்கும். எல்வின் ஜோன்ஸ் நான்கு தட்டுக்குள் திஸ்ரத்தை ஓட்டிக்கொண்டே இருப்பார், ஆனால் அதன் அழுத்தங்களை வெவ்வேறு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்: சிம்பல் ஒன்று சொல்லும், ஸ்னேர் அதன் நடுவே குறுக்கிடும், காலடி வேறெங்கோ விழும். ஆவர்த்தத்தின் முதல் தட்டைத் தேடினால் கிடைக்காது. சிம்பலை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கேட்பது நல்ல வழி.

இந்தியத் தொடர்பு பற்றிப் பலரும் மிகைப்படுத்துவதால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கோல்ட்ரேன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ரவிசங்கரின் இசைத்தட்டுகளைச் சேகரித்துக் கேட்டார், அவரை நேரில் சந்தித்தார், 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அந்த மகன் இன்று பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர். 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் 'இந்தியா' என்ற பாட்டை வாசித்தார். ஜி என்ற ஒரே ஆதார சுருதி. இரண்டு டபுள் பேஸ்கள், ஒன்று நிற்க மற்றது நகர. ராகம் என்று எதையும் தேடாதீர்கள்; கமகமும் இல்லை, பிரயோக விதியும் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது கார்டு மாறாமலே ஒரு பாட்டு நகரலாம் என்ற துணிவை. அதே மாதம் 'டவுன்பீட்' இதழில் ஜான் டைனன் என்ற விமர்சகர், கோல்ட்ரேனும் அப்போது அவர் குழுவில் இருந்த எரிக் டால்ஃபியும் வாசிப்பது 'ஜாஸுக்கு எதிரானது' என்று எழுதினார். இருவரும் 1962 ஏப்ரலில் அதே இதழில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

'பேலட்ஸ்', பியானோ கலைஞர் டியூக் எலிங்டனோடு வாசித்தது, ஜானி ஹார்ட்மன் பாடியது ஆகிய மூன்று தட்டுகளும் 1961 கடைசியிலிருந்து 1963 மார்ச் வரை பதிவானவை, மூன்றும் மென்மையானவை. இரைச்சல் பயம் உள்ளவர்கள் ஹார்ட்மன் தட்டை முதலில் கேட்கலாம். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

'அலபாமா' பற்றி நின்று சொல்ல வேண்டும். 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாமில் கறுப்பினத்தவரின் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. நவம்பர் 18 அன்று கோல்ட்ரேன் இதைப் பதிவு செய்தார். 'லைவ் அட் பேர்ட்லேண்ட்' என்ற தட்டில் இருந்தாலும் இது கிளப்பில் வாசித்ததில்லை, வான் கெல்டர் ஸ்டூடியோவில் வாசித்தது. தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் இல்லாமல், பியானோவின் அடி ஸ்தாயி முழக்கத்தின் மேல் டெனர் பேசுகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு வாக்கியத்தின் நீளம், முடிவில் இறங்கி நிற்கிறது. ஐந்து நிமிடச் சொச்சம். ஒரு கலைஞன் துக்கத்துக்கு அலங்காரம் செய்யாமல் விட்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1964 டிசம்பர் 9, 'எ லவ் சுப்ரீம்'. நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோ, ஒரே நாளில் நால்வரும் முடித்த நான்கு பகுதிகள், சுமார் 33 நிமிடம். கைபேசி ஒலிபெருக்கியில் கேட்கவே கேட்காதீர்கள்: முழுப் பாட்டின் விதையும் டபுள் பேஸில் இருக்கிறது, அந்தச் சிறு ஒலிபெருக்கியில் அடி ஸ்தாயி வராது. ஹெட்ஃபோன் போதும். தொடக்க முழக்கம் ஓய்ந்ததும் காரிசன் நான்கு சுரங்கள் வாசிப்பார்: 'எஃப்'பை ஷட்ஜமாக வைத்தால் ச க ச ம, காந்தாரம் சாதாரணம். பாடிப் பாருங்கள், ஒரே முறையில் மனப்பாடமாகிவிடும். ஐந்தாவது நிமிடத்தை ஒட்டி, கோல்ட்ரேன் இதே நான்கு சுரத்தை எடுத்து வெவ்வேறு ஷட்ஜத்துக்கு மாற்றி மாற்றி, பன்னிரண்டு கட்டைகளிலும் வைத்துப் பார்க்கிறார். பியானோவும் பேஸும் 'எஃப்'பிலேயே இருக்க, அவர் மட்டும் சுற்றி வருகிறார். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பயிற்சிதான் இது, கார்டுகளைக் கழற்றிவிட்ட பிறகு. ஆறு நிமிடம் கடந்ததும் அதே நான்கு சுரத்தில் தட்டின் தலைப்பைக் குரலில் ஓதுகிறார்கள். ஓதிக்கொண்டே ஷட்ஜம் ஒரு முழுச் சுரம் கீழே இறங்கி, இரண்டாம் பகுதிக்கு வழி விடுகிறது. அந்த இறக்கத்தைத் தவற விடாதீர்கள்.

நான்காம் பகுதியான 'சாம்'மை (Psalm, துதிப் பாட்டு) அதன் கவிதையோடு கேட்க வேண்டும். தட்டின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனை அச்சாகியிருக்கிறது; சாக்ஸபோன் அதை அசை அசையாக வாசிக்கிறது. லூயிஸ் போர்ட்டர் என்ற இசை ஆய்வாளர் இதை வரிக்கு வரி பொருத்திக் காட்டினார். கடவுளுக்கு நன்றி சொல்லும் வரி வரும்போதெல்லாம் சாக்ஸபோன் இறங்கி ஷட்ஜத்தில் அமர்கிறது. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அமர்வுகளை மட்டும் குறித்துக்கொண்டு போனால் வழி தவறாது.

1965 ஜூன் 28 அன்று 'அசென்ஷன்': பதினொரு பேர், இரண்டு டிரம்பெட், இரண்டு ஆல்டோ, மூன்று டெனர், பியானோ, இரண்டு டபுள் பேஸ், டிரம்ஸ். சுமார் 40 நிமிடம். கூட்டு முழக்கமும் தனி சோலோவும் மாறி மாறி வரும். இந்த ஒழுங்கு தெரியாமல் கேட்டால் இரைச்சல்தான். ஆண்டு முடிவில் டைனரும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எல்வினும் விலகினார்கள். இரண்டாவது மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பியானோவுக்கும், ரஷீத் அலி டிரம்ஸுக்கும் வந்தார்கள். ஃபேரோ சாண்டர்ஸ் இரண்டாவது டெனர். இந்தக் காலத்தைக் கேட்க என் சிபாரிசு 'அசென்ஷன்' இல்லை, 1967 பிப்ரவரி 22 அன்று பதிவான 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்'. டெனரும் டிரம்ஸும் மட்டும். ஆள் குறைவாக இருப்பதால் என்ன நடக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். 'வீனஸ்' என்ற பாட்டை முதலில் எடுங்கள், அதுதான் சாந்தமானது. மணியோசை, ஒரு மெட்டு, பிறகு ஒரு சிறு சொற்கட்டை எடுத்து ஷட்ஜம் மாற்றி மாற்றி விரிக்கும் வேலை, முடிவில் மெட்டுக்குத் திரும்புதல். மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் மாறி மாறிப் பேசி, இருவர் வாசிப்பது போலிருக்கும். மங்கிடம் கார்டு இல்லாமல் நின்று பழகியதும், 1959இல் ஷட்ஜத்தை எறிந்து பிடித்ததும் இங்கே ஒன்றாகிவிட்டன.

அதிலிருந்து ஐந்து மாதத்துக்குள், 1967 ஜூலை 17 அன்று, லாங் ஐலண்டின் ஹன்டிங்டன் மருத்துவமனையில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40. இறுதிச் சடங்கில் சாக்ஸபோன் கலைஞர்கள் ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் தங்கள் குழுக்களோடு வாசித்தார்கள். 2007இல் புலிட்சர் சிறப்பு விருது. இசையை வீட்டில் தொடர்ந்தவர் ஆலிஸ். அவர் 1970 நவம்பரில் பதிவு செய்து அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' தட்டின் தலைப்பில் இருப்பவர் கோவை அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969 உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கி வைத்தவரும் அவரே. ஹார்ப், தம்புரா, ஃபேரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சேர்ந்த அந்தத் தட்டு, கோல்ட்ரேன் வாசிக்காத கோல்ட்ரேன் தட்டுகளில் எனக்கு மிகப் பிடித்தது.

இணையத்தில் கேட்பவர்கள் சிக்கும் சில இடங்கள். பிரஸ்டீஜ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1957, 1958இல் பதிவு செய்தவற்றைக் கையிருப்பில் வைத்துப் பல ஆண்டுகள் கழித்து வெளியிட்டது. 'பாஹியா' 1958 பதிவு, வெளிவந்தது 1965. 'எ லவ் சுப்ரீம்' கடைக்கு வந்த அதே ஆண்டு. ஆண்டை மட்டும் பார்த்து அடுக்கினால் கோல்ட்ரேன் பின்னோக்கிப் போவது போலத் தெரியும். 'டீலக்ஸ்', 'கம்ப்ளீட்' என்று வரும் பதிப்புகளில் ஒரே பாட்டு நான்கைந்து டேக்குகளாக (தனித்தனிப் பதிவுகளாக) வரும். முதல் தடவை மூலத் தட்டின் பாடல் வரிசையோடு நிறுத்திக்கொண்டு, பிறகு அவற்றுக்குத் திரும்புங்கள். பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டவற்றில் 2018இல் வந்த 'போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்' 1963 மார்ச் 6 ஸ்டூடியோப் பதிவு, ஒலி நன்றாக இருக்கும். 2021இல் வந்த சியாட்டில் கச்சேரி 'எ லவ் சுப்ரீம்' மனப்பாடமானவர்களுக்கு. 2023இல் வந்த வில்லேஜ் கேட் கிளப் நாடா 1961 ஆகஸ்டில் கூரையில் தொங்கிய ஒரே மைக்கில் பிடித்தது. டிரம்ஸ் முன்னால் வந்து நிற்கும், டால்ஃபி சில இடங்களில் அறைக்கு வெளியே வாசிப்பது போல இருப்பார். எல்வின் ஜோன்ஸைப் படிக்க அதுவே வசதி, கோல்ட்ரேனைத் தொடங்க அது வேண்டாம்.